வயர் போகாத உள்ளறை

காயல்பட்டினத்தில் ஜனாபாவின் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருவாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளறையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். உள்ளறையிலிருந்து சொல்லுகிற பதில் வாசலுக்கு வந்து சேராது. முன்னால் ஆண்கள் வந்து உட்காரும் கூடம், அதன் பின்னால் இரண்டு அறைகள், அப்புறம் சமையல்கட்டு, அதையும் தாண்டிக் கடைசியில் அவளுடைய உள்ளறை. பெண்கள் தெருவுக்கு வராமல் போய்வரப் பக்கத்தில் ஒரு முடுக்கு. அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை வரவழைத்துக்கொள்வார்கள். நூகுவும் அப்படித்தான், அவளுக்குப் பத்தொன்பது வயதில், இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். வந்தான் என்று சொல்லலாமே தவிர இருந்தான் என்று சொல்ல முடியாது.

ஷார்ஜாவில் மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஓடிவிட்டது. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களையெல்லாம் ஒன்றுசேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. வளைகுடா மாப்பிள்ளை என்றால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வாயெல்லாம் பல். அத்தர் பாட்டிலும் சாக்லேட் டப்பாவும் எல்லோருடைய கண்ணிலும் படும். மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு அந்தப் பெண் யாரோடு குடும்பம் நடத்துகிறாள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஜனாபா போனோடு குடும்பம் நடத்தினாள். சண்டை போட்டதும் போனில், சமாதானமானதும் போனில். மகள் ருக்சானா பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த செய்தியைக்கூடப் போனில்தான் சொன்னாள். பிள்ளைக்கும் வெகுநாள்வரை வாப்பா என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு முகம்தான்.

அப்படிக் குடும்பம் நடத்திய போனுக்கு வயிறு சிறியது. படமும் பேச்சும் நிறைந்து, இடமில்லை இடமில்லை என்று அது வாரத்துக்கு ஒரு தடவை கையை விரித்துவிடும். எதை அழிப்பது என்று தெரியாமல் அவள் அழுத ஒரு நாளில் நூகு ஒரு முடிவுக்கு வந்தான். அடுத்த லீவில் வந்தபோது திருநெல்வேலிக்குப் போய், வண்ணார்பேட்டையில் கேமராவும் நெட்டும் மாட்டிக்கொடுக்கிற கடையில் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கிவந்தான். பிரியாணிச் சட்டி அளவுகூட இருக்காது. உள்ளே இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க். கடைக்காரர் மணிராஜ் கூடவே வந்து அதைக் கூடத்தில், ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, முழ நீள வயர் ஒன்றால் இரண்டையும் சேர்த்துவிட்டுப் போனார். உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் நூகு தன் போனில் எடுக்கிற படமும் பேசுகிற பேச்சும் இந்தப் பெட்டிக்குள் தானாக வந்து விழும். ஜனாபா தன் போனில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம், கேட்டுக்கொள்ளலாம்.

மணிராஜ் அன்றைக்கு ஒன்று கேட்டார். போனில் இருந்து பெட்டிக்கு ஒரு வழியாக மட்டும் போனால் போதுமா, இல்லை போனும் பெட்டியும் எப்போதும் ஒன்றுபோல இருக்க வேண்டுமா? ஒன்றுபோல என்றால், அங்கே அழித்தால் இங்கேயும் அழிந்துவிடும். நூகு யோசிக்காமல் ஒன்றுபோலவே இருக்கட்டும் என்றான். கண்டதும் சேர்ந்து பெட்டி நிறைந்துவிடக் கூடாது, அங்கே இருந்தபடியே தான் துப்புரவு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. இதே காரணத்துக்காகத்தான், அழித்தவற்றைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கும் குப்பைக்கூடை ஒன்று பெட்டிக்குள் உண்டு என்று மணிராஜ் சொன்னபோது, அதையும் வேண்டாம் என்று மூடச் சொல்லிவிட்டான்.

ஒன்றுபோல என்பதன் அர்த்தம் ஜனாபாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. லீவில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கியதை நூகு திருட்டுத்தனமாகப் படம் எடுத்து வைத்திருந்தான். அவன் ஷார்ஜா போன பிறகுதான் அவள் அதைப் பெட்டியில் பார்த்தாள். உடனே கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே அங்கே தன் போனில் அதை அழித்தான். இங்கே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படம் காணாமல் போனது. கடல் தாண்டி ஒரு கை நீண்டு வந்து எடுத்துப்போனது போல இருந்தது அவளுக்கு. அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

"இனி உன் போன்ல ஒன்னும் வச்சிக்கிடாத. எல்லாம் பெட்டியில இருக்கு, அழிச்சிட்டே வா" என்று நூகு சொல்லியிருந்தான். அவளும் புருஷன் சொல் தட்டாத பெண்ணாக மாதம் பிறந்தால் தன் போனைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டாள்.

பெட்டி வந்த பிறகு நூகுவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கிடங்கின் குளிரில் இருந்து இடைவேளைக்கு வெளியே வந்து, வெயிலில் ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்து, போனில் பேசிப் பதிவு செய்வான். யாரையும் கூப்பிட்டுப் பேசுவதில்லை, சும்மா பேசுவான். அறையில் குழம்பு யார் முறை, எந்த மலையாளி யாரோடு கோபம், கிடங்கு வாசலில் குட்டி போட்ட பூனை, ருக்சானாவுக்கு ஒரு கதை. குளிரிலிருந்து வெயிலுக்கு வருவதால் அவனுக்கு மூக்கு ஒழுகும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை உறிஞ்சுவான். அந்த உறிஞ்சலோடுதான் அவள் கறி நறுக்கினாள், ரொட்டி சுட்டாள். அடுப்படியில் அவன் நின்று பேசுகிற மாதிரியே இருக்கும். அவர்கள் குடும்பத்தில் மிகவும் நன்றாக இருந்த காலம் அந்த இரண்டு வருஷம்தான் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அதுதான் உண்மை.

பிறகு ஒரு நாள் காலையில் நூகு எழுந்திருக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவனைக் காக்கா என்று கூப்பிடுகிற தம்பி ஹசன் அலியும் அதே ஊரில்தான் வேலை பார்த்தான். பெரியவர்கள் பேசி முடிவெடுத்து அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஜனாஸாவை, இறந்தவர் உடலை, படம் எடுக்கக் கூடாது என்று எடுக்கவில்லை. ஆக, ஜனாபா கடைசியாகத் தன் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. மண் போட்ட குவியலையும் பார்க்கவில்லை. தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது, வீடு முழுக்கப் பெண்கள் வந்து யாசீன் ஓதினார்கள், அவளை வெள்ளை உடுத்தி உள்ளறையில் உட்காரவைத்தார்கள். அதோடு முடிந்தது.

புருஷனை இழந்தவள் இத்தா இருப்பது நாலு மாதம் பத்து நாள். வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. ஆண்கள் துக்கம் கேட்க வந்து உட்காருவதற்காகக் கூடத்தில் நாற்காலி போட்டபோது, பெட்டியை யாரோ வயரோடு பிடுங்கி உள்ளறை அலமாரிமேல் வைத்துவிட்டார்கள். அப்போது அதை யாரும் நினைக்கவில்லை. ஜனாபாவும் நினைக்கவில்லை. அவளுக்கு நினைப்பே இல்லை.

நினைப்பு வந்தபோது ஒரு பயமும் கூட வந்தது. ஒரு நாள் மத்தியானம் நூகு எப்படிப் பேசுவான் என்று நினைத்துப் பார்த்தாள். வார்த்தைகள் வந்தன, குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. தன் போனைத் தேடினாள். துடைத்து வைத்த போன். அவன் போவதற்கு முந்தின வாரம் அனுப்பிய ஒரே ஒரு பேச்சு மிச்சம் இருந்தது, அதுவும் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று அவசரமாகக் கேட்டது, பின்னால் லாரி இரைச்சல். அவன் குரல் முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைக் கரண்டில் மாட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது. போனில் திறந்தால் பெட்டியைக் காணவில்லை என்றது. நெட் இல்லாமல் அது வாயில்லாப் பூச்சி.

கூடத்தில் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தால் ஆகிற காரியம்தான். அதற்குத் தடையாக நின்றது அவள் உம்மா ஜுபைதா பீவி. கெட்ட மனுஷி இல்லை. மருமகனைத் தன் வயிற்றில் பிறந்தவனைப் போல வைத்திருந்தவள், அவனுக்காக அன்றாடம் நபில் தொழுது அழுகிறவள். அந்த அழுகையிலிருந்துதான் வினையும் பிறந்தது. இறந்தவருடைய படத்தை வைத்திருந்தால் அவருக்குக் கபுர்க்குழியில் வேதனை என்று அவள் கேட்டு வளர்ந்திருந்தாள். அப்படி இல்லை, போனில் இருக்கிற படத்தால் ஒன்றும் இல்லை என்று சொல்லுகிற, மார்க்கம் படித்த ஆலிம்களும் அதே ஊரில் உண்டு. ஜுபைதா பீவி அவர்களைக் கேட்டதில்லை. கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை முதல் வாரமே கழற்றி முடித்துவிட்டு, உள்ளறைக்கு வந்து மகளிடம் பைய ஆரம்பித்தாள்.

"மவுத்தானவங்களுக்கு துஆதான் போய்ச் சேரும் புள்ள. படம் போய்ச் சேராது. அந்தப் பெட்டியில இருக்கதை அழிச்சிரு. அவருக்கு அது பாரம்."

ஜனாபா அன்றே பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெட்டி கூடத்துக்குப் போனால் உம்மா யாரையாவது கூப்பிட்டு அழித்துவிடுவாள் என்று பயம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் உம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது. லீவு நாட்களில் இதே அறையில் முக்காடு இல்லாமல், தலையை விரித்து, பூ வைத்து, நூகு அவளை எடுத்த படங்களும் அதில் இருந்தன. வேறு ஒரு கண்ணும் பார்க்காது என்று அவன் சத்தியம் செய்து எடுத்தவை. ஆகவே பெட்டி இந்த அறையைவிட்டு நகரக் கூடாது. நெட்தான் இங்கே வர வேண்டும்.

வண்ணார்பேட்டைக் கடையின் போன் நம்பர் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. உம்மாவிடம் ருக்சானாவுக்குப் பாடம் பார்க்க உள்ளே நெட் வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மணிராஜைக் கூப்பிட்டாள். நூகு இறந்ததை அவர் அப்போதுதான் கேட்டார். மறுநாளே பைக்கில் கிளம்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அப்புறம் நடந்தது வேடிக்கை. கூடத்தில் இருக்கிற மனுஷரும் உள்ளறையில் இருக்கிற மனுஷியும், ஒரே வீட்டுக்குள், போனில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வயர் இழுத்தால் சுளுவாக முடியும் என்பது மணிராஜின் யோசனை. நான்கு சுவரில் ஓட்டை போட வேண்டும், கடைசி ஓட்டையை உள்ளறையில் நின்று போட வேண்டும். இத்தா முடிகிறவரை அந்த அறைக்குள் அந்நிய ஆண் கால்வைக்க முடியாது என்று ஜனாபா சொன்னதும் அவர் அந்த யோசனையை விட்டுவிட்டார். கரண்டு வயர் வழியாகவே நெட்டை அனுப்புகிற இரண்டு பிளக் கொண்டுவந்திருந்தார். ஒன்றைக் கூடத்தில் செருகி, மற்றதை ஜுபைதா பீவியிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். அது உயிர் பிடிக்கவில்லை. சமையல்கட்டுக்குப் பிந்திய பகுதி ஜனாபாவின் வாப்பா பிற்பாடு கட்டிச் சேர்த்தது. அதற்குத் தனி மீட்டர், தனி லைன். அந்தக் கரண்டுக்கும் இந்தக் கரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மூன்றாவது வழி பலித்தது. சமையல்கட்டில் ஒரு சின்னக் கருவி, கூடத்து வைஃபையை வாங்கிப் பின்னால் தள்ளிவிடும். உள்ளறையில் இன்னொன்று, அதைக் காற்றில் பிடித்துப் பெட்டிக்குக் கொடுக்கும். பெட்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் வயர் மட்டும். இரண்டையும் மணிராஜ் கூடத்திலேயே சரிசெய்து கொடுத்தார். இரண்டையும் ஜுபைதா பீவிதான் தன் கையால் சுமந்துகொண்டு போனாள், பேத்தி படிக்கட்டும் என்று பிஸ்மி சொல்லிக்கொண்டு. உம்மா அந்தப் பக்கம் போனதும் ஜனாபா அலமாரியைத் திறந்தாள். கருவியில் ஒவ்வொரு விளக்காக எரிவதைப் பார்த்துப் போனில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி விளக்கும் எரிந்தது.

"இப்ப பெட்டி நெட்டுக்குள்ள வந்துட்டுக்கா. ஒரு தடவை திறந்து பாருங்க" என்றார் மணிராஜ்.

அவர் இருக்கும்போது அவள் திறக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் தான் எப்படி ஆவோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்நிய மனுஷர் காதில் அது விழ வேண்டாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தாள். மணிராஜ் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினார். ருக்சானா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஜனாபா மத்தியான லுஹர் தொழுதாள். தொழுத பாயிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

எல்லாம் இருந்தது. மாதம் மாதமாக, கட்டுக்கட்டாக, அவன் சிரித்தபடி, அவன் உறங்கியபடி, அவன் பூனைக்குட்டியைத் தூக்கிப்பிடித்தபடி. ஜனாபா படங்களை விட்டுவிட்டுப் பேச்சுக்குப் போனாள். மேலே இருந்தது அவன் கடைசி நாளில் பேசியது. அதை அவள் கேட்டதே இல்லை. தொட்டாள். முதலில் மூக்குறிஞ்சல். அப்புறம் "ஜனாபா, இன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்றான் நூகு. அத்துடன் நின்றது. திரும்பத் தொட்டாள். அப்படி ஒன்று இல்லை என்றது.

சிக்னல் கோளாறு என்று நினைத்து அடுத்ததைத் தொட்டாள். அதுவும் இல்லை. படங்களுக்குத் திரும்பினாள். மேலே இருந்த மாதத்தைக் காணோம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு முந்தின மாதம் மெலிந்துகொண்டு வந்தது. பூனைக்குட்டி போனது. பெருநாள் சட்டை போனது. அவளுடைய விரித்த தலையும் பூவும் போயின. வாயைத் திறந்து தூங்கிய அந்தப் படம் போன விதம் அவளுக்கு மறக்கவில்லை. கடல் தாண்டி ஒரு கை வந்து எடுக்கிறது. ஆனால் அந்தக் கைக்காரன் மண்ணுக்குள் அல்லவா இருக்கிறான்? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன்தான் அழிக்கிறான் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவள் வாழ்நாளுக்கும் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

மணிராஜைக் கூப்பிட்டாள். அவர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றோரமாகப் பைக்கை நிறுத்திப் பேசினார். அவள் சொன்னதை முழுக்கக்கூடக் கேட்கவில்லை.

"பாயோட போன் யார்கிட்டக்கா இருக்கு?"

"தம்பிகிட்ட. ஷார்ஜாவுல."

"பெட்டியில கரண்டைப் புடுங்குங்க. இப்பவே."

பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. மணிராஜ் விளக்கினார். அங்கே யாரோ நூகுவின் போனில் இருந்ததையெல்லாம் அழித்திருக்கிறார்கள். பெட்டி நெட்டில் இல்லாததால் இத்தனை நாள் அந்தச் செய்தி இதற்கு வந்து சேரவில்லை. போன் அங்கே உயிரோடு காத்திருந்தது. இன்றைக்குப் பெட்டி கண் விழித்ததும், நாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று போன் கேட்டது, பெட்டி செய்தது. போன் யாரிடம் இருக்கிறது என்று தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெட்டக் கூப்பிட்டவள் அவள்.

அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே வந்த ஜுபைதா பீவி, மகள் பாயில் சுருண்டு கிடப்பதையும் அலமாரி திறந்திருப்பதையும் பார்த்தாள். ஷார்ஜாவில் போனை அழித்தது யார் என்று ஜனாபா கேட்டாள். உம்மா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியமாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பெட்டிக்கு மகள் பூட்டுப் போட்டதும், ஹசன் அலியைக் கூப்பிட்டு, உன் காக்கா போனில் இருக்கிறதையாவது அழித்துவிடு வாப்பா, அவருக்குக் கபுரில் லேசாகட்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஹசன் அலியும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, ஒவ்வொன்றையும் பார்க்காமல், மொத்தமாகத் தெரிவு செய்து அழித்திருந்தான். அழுதுகொண்டே செய்தானாம். போனை மட்டும் அணைக்கவில்லை. காக்காவுக்கு வரும் அழைப்புகளுக்குச் செய்தி சொல்ல வேண்டுமே என்று சார்ஜில் போட்டு வைத்திருந்தான்.

ஜனாபாவுக்கு உம்மாவின் கையைப் பிடித்துக் கடிக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஆத்திரம். பெட்டியை யாரிடமிருந்து பூட்டி வைத்தாளோ அவள் சாவியே இல்லாமல் திறந்து துடைத்துவிட்டாள், அதுவும் பாசத்தோடு. பகையாளி செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். பாசத்துக்கு என்ன செய்வது? ஆனாலும் ஒன்று சொன்னாள்.

"அவங்க கபுர்ல இருந்த பாரத்தை இறக்கிட்டிய உம்மா. எடுத்து என் தலையில வச்சிட்டிய."

ஜுபைதா பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே போனில் அழிப்பது இங்கே பெட்டியிலும் அழியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து இத்தா முடிகிறவரை தாயும் மகளும் அந்த நீள வீட்டில் ஒருவருக்கொருவர் சோறு போட்டார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்தார்கள், பேசிக்கொள்ளவில்லை.

மணிராஜ் கைவிடவில்லை. அழிந்ததை மீட்டுக்கொடுக்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், பெட்டியை இனி கரண்டில் மாட்டாமல் அப்படியே அனுப்பினால் பாதியாவது கிடைக்கும் என்றார். ஜனாபாவுக்கு உயிர் வந்தது. எப்படி மீட்பார்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, படம்தானா, சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பார்கள் என்றார். ஒவ்வொன்றையுமா என்று கேட்டாள். ஒவ்வொன்றையும்தான் என்றார்.

"அந்த வேலையை பொம்பளைங்க யாராச்சும் செய்யுதாங்களா அண்ணே?"

விசாரித்துச் சொல்லுவதாக மணிராஜ் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்தவரை இல்லை என்றார். எதற்காகக் கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை. புரிந்திருக்கும். அவளுடைய விரித்த தலை எந்த ஆணின் கண்ணிலும் படாது என்று சத்தியம் செய்தவன் இப்போது இல்லை. சத்தியத்தைக் காப்பாற்ற அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அதை மீறினால் அவன் குரல் கிடைக்கும். இத்தாவின் மீதி நாளெல்லாம் அவள் இதையே மென்றுகொண்டிருந்தாள். ஒரு நாள் அனுப்பிவிடலாம் என்று இருக்கும். மறுநாள் அந்த எண்ணத்துக்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். கடைசியில் பெட்டி அனுப்பப்படவில்லை.

இத்தா முடிந்து ஜனாபா குளித்த பிறகு, மணிராஜ் அண்ணன் சொன்னபடி ஹசன் அலி அங்கே போனிலிருந்து, பெட்டியோடு அதை ஒன்றுபோல வைக்கிற ஆப்பையே எடுத்துவிட்டான். அழுதான், மாப்பு கேட்டான். ஜனாபா மாப்புத் தந்தாள், வாயால் தந்தாள். அப்புறம் ஒரு பகலில் பெட்டியைத் திரும்ப மாட்டிப் பார்த்தாள். அழிப்பு புதியதிலிருந்து பழையதை நோக்கி நடந்திருந்தது. கரண்டைப் பிடுங்கிய நேரத்தில் அது அடிவாரத்துக்கு வந்துவிட்டிருந்தது. பெட்டி வந்த முதல் நாள் மட்டும் மிச்சம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நூகு எதையெதையோ எடுத்தவை: கூடத்துச் சுவர், பெட்டி வந்த அட்டை, லென்ஸை மறைத்த அவனுடைய கட்டைவிரல். ஒரு படத்திலும் முகம் இல்லை.

ஒரு சின்ன வீடியோ இருந்தது. வைஃபை இல்லாமலும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க அன்றைக்கு அவன் தெருவாசலில் நின்று எடுத்தது. ஜனாபா உள்ளறையில் தன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடியோவில் அவன் செருப்பும் வாசற்படியும் தெரிகின்றன. ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. "ஜனாபா, வருதா? வருதா பாரு" என்று அவன் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுக் கேட்கிறான். லீவில் இருந்ததால் சளி இல்லை, மூக்குறிஞ்சல்கூட இல்லை. அவ்வளவுதான்.

ருக்சானா அதைக் கேட்டால் வாப்பா யாரிடம் கேட்கிறார் என்று விசாரிப்பாள். உம்மாவிடம் என்று ஜனாபா சொல்லுவாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பிள்ளை கேட்கும். வந்துட்டு, வந்துட்டு என்று அன்றைக்குத் தான் உள்ளேயிருந்து தொண்டை கிழியச் சொன்னது ஜனாபாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடு நீளம். அவள் சொன்னது அதில் பதியவில்லை.